உப்புப் பார்க்காத ஜெனவீவ்

நாட்டின் மனசாட்சி இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் கண்விழிக்கிறது, அதுவும் 'தங்க அகப்பை' தொடங்கும் நேரத்தில். தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டாலும், பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் வகுப்பில் உறங்கினாலும் அசைந்து கொடுக்காத மனசாட்சி அது. ஆனால் ஒருவர் ரசத்தில் பெருங்காயத்தை முன்னால் போட்டாரா பின்னால் போட்டாரா என்று வந்துவிட்டால் பொங்கி எழுந்துவிடும். அதற்கப்புறம் அதைத் தூங்கவைப்பது யாராலும் ஆகாத காரியம்.

'தங்க அகப்பை' வானவீதி தொலைக்காட்சியின் சமையல் போட்டி. சாப்பாட்டை வாயில் வைத்தவுடன் நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிடுவது பாமரர் வழக்கம். தங்க அகப்பையில் அப்படியில்லை. நடுவர் ஒரு வாய் எடுப்பார். கண்ணை மூடுவார். கூரையைப் பார்ப்பார். முரசு ஒலிக்கும். போட்டியாளரின் தாயார் காட்டப்படுவார். விளம்பரம் வரும். விளம்பரம் முடிந்து மறுபடியும் அதே வாயை எடுப்பார், அதே கண்ணை மூடுவார், அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. தோற்றவர் ஏப்ரனை அவிழ்த்து நாலாக மடித்து மேசையில் வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இந்தப் பயணத்துக்கு நன்றி" என்று சொல்ல வேண்டும். தோற்றவர் எதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

இந்தப் போட்டிக்குத்தான் கெடா மாநிலத்துச் செர்டாங்கிலிருந்து ஜெனவீவ் போனாள். எஸ்டேட் சாலையோரம் தகரக் கூரைக்கடியில் மதியச் சோறு விற்கிறவள். அவளுடைய ஆட்டிறைச்சிப் பெரட்டலுக்காக ஆலைத் தொழிலாளிகள் வெயிலில் வரிசையில் நிற்பார்கள். போட்டிக்குப் போகச் சொல்லித் தொந்தரவு பண்ணியவர்களும் அவர்களேதான்.

அவள் கணவன் ஜெரார்ட், செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவன். பேச்சு குறைவு. கல்யாணமான நாளிலிருந்து மனைவியின் சமையலைப் பற்றி அவன் சொன்ன பாராட்டு ஒன்றே ஒன்றுதான். தட்டை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் சோறு" என்பான். அவளும் அதற்கு மேல் எதையும் எதிர்பார்த்ததில்லை. தட்டு நீண்டால் திருப்தி, நீளாவிட்டால் அவனுக்குக் காய்ச்சல். இத்தனை வருஷமும் அந்த வீட்டில் இதுதான் ஏற்பாடு, ஒரு குறையும் வந்ததில்லை.

படப்பிடிப்பு மார்ச் மாதம் கோலாலம்பூரில் நடந்தது. ஜெனவீவ் பெட்டியோடு திரும்பி வந்தபோது ஜெரார்ட், "என்னாச்சு?" என்றான்.

"சொல்லக் கூடாதுங்க. டிவியில வர்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க."

அவள் முகத்தைப் பார்த்தே தோற்றுவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. சரி, ஒரு போட்டிதானே என்று விட்டுவிட்டான். அது அவனுடைய அறியாமை.

ஜூலையில் அந்த அத்தியாயம் ஒளிபரப்பானது. செர்டாங் முழுவதும் முகம்மது ஹனீபாவின் உணவுக்கடையில் கூடியது. ஹனீபா பெரிய திரை வைத்திருந்தார். ஊர்ப்பெண் டிவியில் வருகிறாள் என்பதற்காக எல்லாருக்கும் தேத்தண்ணீர் அவர் கணக்கில். ஜெனவீவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பக்கத்து வீட்டு லோகேஸ்வரி அவளுக்குப் பூ வைத்துவிட்டாள். ஜெனவீவ் மட்டும் கையைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

திரையில் ஜெனவீவ், சமைக்க வேண்டியதை மறைத்து வைத்திருந்த பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஆட்டிறைச்சி. ஹனீபா கடை அதிர்ந்தது. "அவங்க ஏரியா லா!" என்று யாரோ கத்தினார்கள். பெரட்டல் தயாரானது. தலைமை நடுவர் செஃப் ரமணி ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார். முரசு. விளம்பரம். மறுபடி முரசு.

"ஜெனவீவ், இதுல உப்பு இல்ல" என்றார் செஃப் ரமணி. "நீங்க ருசி பாத்தீங்களா?"

"இல்ல செஃப்."

அடுத்த நொடி திரை முழுக்க ஜெனவீவின் முகம். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், பல் தெரிய, கவலையில்லாமல். பின்னணியில் வயலின் ஒன்று கீச்சிட்டது. செஃப் ரமணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சமைக்கிறவங்களுக்குத் திமிர் இருக்கலாம், சாப்பாட்டுல தெரியக் கூடாது" என்றார். திரையில் ஜெனவீவ் ஏப்ரனை அவிழ்த்து நாலாக மடித்தாள்.

ஹனீபா கடையில் யாரோ தேத்தண்ணீர்க் கோப்பையைத் தள்ளிவைத்தார். பிறகு ஒவ்வொருவராக நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து போனார்கள். லோகேஸ்வரி பூவைப் பார்த்த பார்வையில், திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில், ஜெரார்ட் ஓட்டிய காடியில் உட்கார்ந்துதான் ஜெனவீவ் அழுதாள்.

"நா சொன்னேங்க. இன்னிக்கு வெள்ளிக்கெழம, தவக்காலம், எறச்சி வாயில வெக்க மாட்டேன் செஃப்னு சொன்னேன். அத வெட்டி எடுத்துட்டாங்க. அந்தச் சிரிப்பு வேற. மத்தியானம் மேக்கப் போடுற புள்ள தும்மி, பவுடரெல்லாம் அது மூஞ்சிலயே பறந்துச்சு. அதுக்குச் சிரிச்சது."

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவள் கடையிலும் பெரட்டல் உண்டு. அன்றைக்கெல்லாம் ருசி பார்க்காமல், கல்லுப்பைக் கைக்கணக்கில் அள்ளிப் போடுவாள். ஒருநாளும் தப்பியதில்லை. ஆனால் வானவீதியில் விளம்பரதாரர் கொடுத்த இளஞ்சிவப்பு நிற உப்புதான் இருந்தது. பார்க்க அழகான உப்பு. உப்பாக இருப்பதில் மட்டும் அதற்கு அவ்வளவு அக்கறை இல்லை. அவள் கை, கல்லுப்பு என்று நினைத்து அதை அள்ளிப் போட்டுவிட்டது.

"செவப்பு உப்பு மேல பழியப் போட்டிருக்கலாம்ல?"

"அதுவும் சொன்னேன். அதையும் வெட்டிட்டாங்க."

மறுநாள் காலைக்குள் நாட்டுக்கு ஜெனவீவ் யார் என்று முடிவாகிவிட்டது. முகநூலில் ஆயிரம் பேர் அவளுக்கு வளர்ப்புச் சரியில்லை என்றார்கள். சமையலறைப் பக்கமே போகாத ஆண்கள், உப்புப் பார்ப்பதன் புனிதம் பற்றி நீண்ட நீண்ட பதிவுகள் எழுதினார்கள். ஒரு பேராசிரியர், இது சமூகத்தின் சீரழிவு என்றார். அவளுடைய சிரிப்பை மட்டும் வெட்டியெடுத்து, யார் எதில் தவறினாலும் அதற்கடியில் போடத் தொடங்கினார்கள். மாதா கோயிலிலும் இரண்டு கட்சி. நோன்பைக் காத்த புண்ணியவதி என்று ஒரு கட்சி. வெள்ளிக்கிழமை இறைச்சியைத் தொட்டதே குற்றம் என்று மறு கட்சி. பூசை முடிந்ததும் இரண்டு கட்சியும் மரத்தடியில் நின்று வாதாடின, ஜெனவீவ் அவர்களைத் தாண்டி நடந்துபோனபோது இரண்டும் ஒன்றாக வாயை மூடிக்கொண்டன.

ஹனீபா மட்டும் ஜெரார்டிடம் வந்து வருத்தப்பட்டார். "இதுல என்னா இருக்கு தம்பி? நோம்பு மாசம் முழுக்க நா வாயில வெக்காமத்தான் கஞ்சி காச்சுறேன். பள்ளிவாசலுக்கு வர்ற ஊரே குடிக்குது."

"இத நாலு பேர்ட்ட சொல்லுங்கண்ணே."

ஹனீபா கொஞ்சம் பின்வாங்கினார். "நா எப்படிச் சொல்றது? அப்புறம் என் கஞ்சிய டிவியில போட்டுருவானுங்க."

லோகேஸ்வரியிடமும் கேட்டுப் பார்த்தான். படையலுக்கு வைக்கிற எதையும் அவளும் ருசி பார்ப்பதில்லை. அவளுக்கு ஜெனவீவ் மேல் பிரியம் உண்டு என்பதும் பொய்யில்லை.

"அது சாமிக்கு லாண்ணே" என்றாள் லோகேஸ்வரி. "இது டிவிக்கு."

கடையில்தான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. ஆலைத் தொழிலாளிகள் முன்போலவே வந்தார்கள். ஆனால் சாப்பிடுகிற விதம் மாறிவிட்டது. ஒரு வாய் எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டார்கள். தகரக் கூரையைப் பார்த்தார்கள். மேசையில் ஒருவன் விரலால் முரசு தட்டினான். கையில் எண்ணெய்க் கறையோடு ஒரு ஃபிட்டர், "மசாலா பேசுது, ஆனா எறச்சி பேசலக்கா" என்றான். அவன் போன மாதம்வரை பெரட்டலைச் சோற்றில் குழைத்து மூன்று நிமிஷத்தில் முடித்து ஏப்பம் விட்டுப் போனவன். அவர்கள் விளையாட்டுக்குத்தான் செய்தார்கள். ஜெனவீவ் ஒவ்வொரு முறையும் கரண்டியைப் பிடித்தபடி, தீர்ப்பு வரும்வரை மூச்சுவிடாமல் நின்றாள்.

பிறகு அவள் கை உப்பை மறந்தது. ஒருநாள் கரிக்கும், ஒருநாள் சப்பென்றிருக்கும். இப்போது உப்புப் பார்த்தாள், எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்க நாக்கு மரத்துப்போயிற்று. தொழிலாளிகள் ஒருவர் பின் ஒருவராக வேறு கடைக்குப் போனார்கள். கடைசியில் தகரக் கூரைக்கடியில் கோழிகள் மட்டும் நின்றன.

வீட்டில் அதைவிட மோசம். ஜெரார்ட் முதல் வாய் எடுக்கும்போது அவள் எதிரில் வந்து நிற்பாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அவ்ளோ சீக்கிரமா எப்படித் தெரிஞ்சுது?"

அவன் திகைப்பான். நல்லதை நல்லது என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று லோரி ஓட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்? வழக்கம்போலத் தட்டை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் சோறு" என்பான். "பாவம்னு கேக்குறீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். அவள் சாப்பிடுவதை அவன் பார்த்தே பல நாளாயிற்று. கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. கல்யாணத்தில் போட்ட வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. அவளை இழந்துகொண்டிருக்கிறோம் என்று ஜெரார்டுக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த வெட்டியெடுத்த பேச்சை, 'இன்னிக்கு வெள்ளிக்கெழம' என்கிற அந்த ஒரு வரியை, ஒருமுறை ஒளிபரப்பிவிட்டால் போதும். அவள் பிழைத்துக்கொள்வாள்.

வானவீதிக்குத் தொலைபேசியில் அழைத்தான். ஒரு பெண் குரல் இனிமையாக வரவேற்றது. கோபமாக இருந்தால் ஒன்றை அழுத்தச் சொன்னது. கண்ணீருக்கு இரண்டு, நெகிழ்ச்சிக்கு மூன்று. தனக்கு என்ன எண் என்று தெரியாமல் ஜெரார்ட் காத்திருந்தான். "உங்கள் உணர்வு தெளிவாக இல்லை. தயவுசெய்து உணர்ந்துவிட்டு மீண்டும் அழைக்கவும்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் வானவீதி, அலோர் ஸ்டாருக்குப் பக்கத்தில் மெர்கோங்கில் ஒரு மண்டபம் எடுத்து 'மக்கள் உணர்வு மேடை' நடத்தப்போவதாக அறிவித்தது. பார்வையாளர்கள் நேரில் வந்து மனதில் உள்ளதைச் சொல்லலாம். ஜெரார்ட் லீவு போட்டுவிட்டுக் கெடாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காடி ஓட்டிக்கொண்டு போனான். மண்டபத்தில் நீண்ட வரிசை இருந்தது. புகார் சொல்கிற வரிசை என்று நினைத்து அதில் நின்றான்.

அது போட்டி என்பது மேடைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் புரிந்தது. சிறந்த பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி. கோபம், கண்ணீர், அதிர்ச்சி என்று மூன்று பிரிவு. அவனுக்கு முன்னால் நின்றவர் ஜித்ராவில் துணிக்கடை வைத்திருப்பவர். கோபப் பிரிவு. மேடையேறியதும் சட்டைக் கையை மடித்துவிட்டு, "உப்புப் பாக்காத கைய ஒடிக்கணும்!" என்று முழங்கினார். நடுவர்கள் கண்ணை மூடினார்கள். கூரையைப் பார்த்தார்கள். "உண்மையான கோபம். அடிவயித்துலேர்ந்து வருது" என்றார்கள். கூட்டம் எழுந்து கைதட்டியது. கீழே இறங்கியவர் சந்தோஷத்தில் ஜெரார்டைக் கட்டிப்பிடித்து, "பயப்படாம செய்ங்கண்ணே" என்று தைரியம் சொல்லி அனுப்பினார்.

ஜெரார்ட் மேடையில் நின்றான்.

"என் சம்சாரம் அன்னிக்கு நோன்பு" என்றான். "வெள்ளிக்கெழமைன்னு சொன்னா. அத வெட்டிட்டீங்க. அவ இப்ப சாப்பிடறதில்ல. தயவு பண்ணி அந்த ஒரு வார்த்தையப் போட்டுருங்க."

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விஷயம் நல்லா இருக்கு சார்" என்றார் ஒருவர். "ஆனா மொகம் வரல. கண்ணீர்னு எடுத்துக்கிறதா, கோபம்னு எடுத்துக்கிறதான்னு தெரியல. ஏதாவது ஒரு பிரிவுல நில்லுங்க."

அவனுக்கு ஆறுதல் பரிசாக ஒரு பொட்டலம் இளஞ்சிவப்பு உப்பு கொடுத்தார்கள்.

ஆனால் 'என் சம்சாரம்' என்ற சொல் ஒருவர் காதில் விழுந்துவிட்டது. சுகுமாரன், வானவீதியின் பார்வையாளர் உணர்வுப் பிரிவுத் தலைவர். நல்ல மனிதர், எப்போதும் கண் கலங்கியே இருக்கும். ஜெரார்டின் தோளில் கைபோட்டு மேடைக்குப் பின்னால் அழைத்துப்போய், தன் கையாலேயே தண்ணீர் கொடுத்தார்.

"அண்ணே, அந்தக் காட்சி எங்ககிட்ட பத்திரமா இருக்கு. நானே பாத்தேன். வெள்ளிக்கிழமைன்னு சொல்றாங்க, கையெடுத்துக் கும்பிடுறாங்க. நான் அழுதுட்டேன்."

"அப்ப ஏன் போடல?"

"நீங்க ஒரு நிமிஷம் எங்க இடத்துல நின்னு பாருங்க. அதப் போட்டா என்ன ஆகும்? ஓ, நோன்பான்னு எல்லாருக்கும் புரிஞ்சிடும். புரிஞ்சிட்டா சமாதானமாயிடுவாங்க. சமாதானமானவன் டிவிய அணைச்சிட்டுத் தூங்கப் போயிடுறான் அண்ணே. எங்க அனுபவத்துல, புரியாதவன்தான் விசுவாசமான பார்வையாளர். அவங்கள நாங்க தெய்வமா மதிக்கிறோம். அவங்களுக்குத் துரோகம் பண்ண முடியாது."

"உண்மைன்னு ஒண்ணு இருக்குல்ல சார்?"

"இருக்கு. நாங்க அத மறுக்கவே இல்ல. எங்க சேனல்ல உண்மைக்குன்னு தனியா ஒரு ரூம் இருக்கு, ஏர்கோன் போட்டு வெச்சிருக்கோம். வெட்டினது எல்லாம் அங்கதான் இருக்கு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க கஷ்டம் எனக்குத் தாங்கல. ஒரு வழி சொல்றேன். 'மறுசுவை'ன்னு ஒரு சிறப்பு நிகழ்ச்சி. செர்டாங்குக்கே வர்றோம். நேரடி ஒளிபரப்பு. நேரடியில வெட்ட முடியாது பாருங்க. உங்க மிஸஸ் அதே பெரட்டல மறுபடியும் சமைக்கட்டும். அப்பவே அந்த வெள்ளிக்கிழமையச் சொல்லட்டும். நாடு கேக்கும்."

ஜெரார்ட் அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டான். நேரடியில் வெட்ட முடியாது என்பது அவன் மண்டைக்கும் எட்டியது.

நிகழ்ச்சிக்கு முன்பு அவனுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண்ணை அனுப்பினார்கள். அவன் 'காத்திருக்கும் கணவர்'. மனைவி நடுவர் முன் நிற்கும்போது கேமரா அவன் முகத்துக்குத் திரும்பும். பிறகு அவனும் ஒரு வாய் சாப்பிட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும்.

"நல்லா இருக்குன்னு சொல்லிடுறேன்" என்றான் ஜெரார்ட்.

"அங்கிள், அப்படி டப்புனு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. வாயில வைங்க. கண்ண மூடுங்க. உள்ளுக்குள்ள போங்க. அவங்க உங்களுக்கு மொதமொத சமைச்சுக் குடுத்தது ஞாபகம் வரணும். அது வந்தப்புறம் கண்ணத் தொறங்க. அப்பவும் பேசக் கூடாது. மூச்சு விடணும். அதுக்கப்புறம்தான் வார்த்தை."

"அதுக்குள்ள சோறு ஆறிடுமே லா, பிள்ள."

அவள் சிரிக்கவில்லை. அவனை மறுபடி மறுபடி கண்ணை மூடவைத்தாள். ஒரு வாரம் தினமும் வந்தாள். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. ஜெனவீவ் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் உண்மையாச் சொல்ற மாதிரி இருக்கு" என்று அவள் மெதுவாகச் சொன்னபோது ஜெரார்டுக்கு நம்பிக்கையே வந்துவிட்டது.

நிகழ்ச்சி சனிக்கிழமை மாலை, ஹனீபாவின் கடைவாசலில் பந்தல் போட்டு நடந்தது. முன்பு எழுந்துபோன அத்தனை பேரும் இப்போது முன்வரிசைக்கு முண்டியடித்தார்கள். திரையின் மூலையில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது: 'ஜெனவீவை மன்னிக்கலாமா?' மன்னிக்க ஒரு எண், மன்னிக்காமலிருக்க ஒரு எண். கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டுப் பாவத்தைச் சொன்னால் சாமியார் தனியொருவராகவே மன்னித்துவிடுவார். இங்கே அதற்கு நாடு முழுவதும் வாக்களிக்க வேண்டியிருந்தது.

ஜெனவீவ் சமைத்தாள். முதலில் ஒவ்வொரு டப்பாவையும் இரண்டு முறை திறந்து பார்த்தாள். மசாலா வதங்கி வாசனை கிளம்பியதும் அவள் தோள் தளர்ந்தது. ஜெரார்ட் பல மாதமாகப் பார்க்காத ஜெனவீவ் அவள். குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்துத் தலையாட்டினாள். கை கழுவத் திரும்பினாள்.

"ஸ்டாப், ஸ்டாப்" என்று அவள் காதில் மாட்டியிருந்த கருவியில் இயக்குநரின் குரல் வந்தது. "உள்ளங்கை கேமராவுல தெரியல. ருசி பாக்குறதுதான் மேடம் கதையே. அகப்பையிலேர்ந்து நேரா வாயில வைங்க. நல்லாத் தெரியட்டும்."

ஜெனவீவ் தயங்கினாள். அவள் வாழ்நாளில் அப்படிச் செய்ததில்லை. கடைசியில் அகப்பையை வாயில் வைத்து உறிஞ்சினாள். மறு கையில் மல்லித்தழை இருந்தது, அதைப் போட்டுக் கிளற அகப்பை வேண்டும். அதே அகப்பை சட்டிக்குள் போயிற்று.

பந்தலில் ஒரு முனகல் எழுந்து பரவியது.

"அய்ய, எச்சி" என்றாள் லோகேஸ்வரி.

அதை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். திரையின் மூலையில் மன்னிக்காமலிருக்கிறவர்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. உப்புப் பார்க்கவில்லை என்று கையை ஒடிக்கச் சொன்ன வாய்களெல்லாம், உப்புப் பார்த்த வாயைப் பற்றி எழுதத் தொடங்கின. செஃப் ரமணி ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார். பந்தல் துணியைப் பார்த்தார். முரசு.

"உப்பு சரியா இருக்கு" என்றார். "ஆனா அன்னிக்கு உங்ககிட்ட ஒரு துணிச்சல் இருந்துச்சு ஜெனவீவ். ருசி பாக்காமலே என் முன்னாடி வெச்சீங்க. அந்தத் துணிச்சல் இந்தத் தட்டுல இல்ல."

ஜெனவீவ் கைகூப்பினாள். "செஃப், அன்னிக்கு நா ஏன் ருசி பாக்கலன்னா, அன்னிக்கு வந்து..."

கேமரா ஜெரார்டின் முகத்துக்குத் திரும்பியது. வயலின் எழுந்து அவள் குரலை மூடியது. நேரடியில் வெட்ட முடியாது என்று சுகுமாரன் சொன்னது சத்தியம்தான். வெட்டவில்லை, திருப்பினார்கள். மனைவி சொல்வதை நாட்டில் யாரும் கேட்காதபடி, அவள் கணவனின் முகம் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. முகம் நன்றாகவே வந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அவன் வாய்க்குச் சாப்பாடு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மன்னிப்பு தோற்றுவிட்டது. ஜெனவீவ் ஏப்ரனை அவிழ்த்து நாலாக மடித்தாள். சுகுமாரன் தேம்பி அழுதபடி ஜெரார்டைக் கட்டிக்கொண்டு, "இவ்ளோ பேர் பாத்தது எங்க சரித்திரத்துலயே இல்லண்ணே" என்றார்.

மறுநாள் ஞாயிறு. அவர்கள் பூசைக்குப் போகவில்லை. ஜெனவீவ் காலையிலேயே அடுப்பைப் பற்றவைத்தாள். கல்லுப்பு ஜாடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஜெரார்ட் எட்டிப் பார்த்தான். அவள் ருசி பார்க்கவில்லை. கையால் அள்ளிப் போட்டுவிட்டு மூடிவிட்டாள்.

மத்தியானம் சோறும் பெரட்டலும் வைத்தாள். இடுப்பில் கட்டிய பழைய துண்டோடு எதிரில் நின்றாள்.

முதல் வாயிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. உப்பு, காரம், இறைச்சியின் பதம், எல்லாம் அதேதான். பழைய ஜெனவீவின் கை. அவள் திரும்பி வந்துவிட்டாள். இதைச் சும்மா சொல்லக் கூடாது, டப்பென்று சொன்னால் நம்ப மாட்டாள், பாவப்பட்டுச் சொல்கிறேன் என்பாள், இந்த ஒருமுறை அவள் நம்புகிற மாதிரி சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். கண்ணை மூடினான். உள்ளுக்குள் போனான். முதன்முதலாக அவள் சமைத்துக் கொடுத்தது உண்மையாகவே ஞாபகத்துக்கு வந்தது. எஸ்டேட் வீட்டில், புகை பிடித்த அடுப்பில், முகமெல்லாம் கரியோடு நின்றாள். அது முழுவதும் வரட்டும் என்று காத்திருந்தான். மூச்சை விட்டான். அதற்குப் பிறகு கண்ணைத் திறந்தான்.

ஜெனவீவ் இடுப்புத் துண்டை அவிழ்த்திருந்தாள். நாலாக மடித்து, அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். கைகள் பின்னால் கட்டியிருந்தன.

"ஜெனவீவ்" என்றான். தட்டை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினான். "இன்னுங் கொஞ்சம் சோறு."

"நேரம் முடிஞ்சிருச்சுங்க" என்றாள் அவள்.